ஆந்தைக்கு வயதாகிறது

ரப்பரை எடுத்து ஆந்தையின் மூக்கை மறுபடியும் அழித்தேன். மூக்கு போனதும் கண்கள் மட்டும் தாளில் தனியாக நின்று என்னைப் பார்த்தன. அவற்றையும் அழித்துவிட்டுத் துகளை ஊதினேன். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. இனி அதில் வண்ணம் நிற்காது, திட்டுத்திட்டாகப் பரவும். கசக்கிக் கூடையில் போட்டேன். கூடை நிறைந்து வழிந்து, மேசைக்கு அடியில் ஏற்கெனவே நாலைந்து ஆந்தைகள் கசங்கிக் கிடந்தார்கள்.

பதிப்பகத்திலிருந்து சின்ன முதலாளி போன் செய்தார். அவருடைய அப்பா இருந்தவரை, "என்னம்மா, அட்டை ரெடியா, இல்ல அங்கயே வந்து உக்காந்துக்கட்டுமா?" என்று அதட்டுவார். அதட்டல் எனக்குப் பழகிப்போனது. மகன் மரியாதைக்காரர். அந்த மரியாதைதான் இன்னும் பழகவில்லை.

"மேடம், ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த வாரக் கடைசிக்குள்ள வந்துட்டா போதும். ரைட்டர் சார் இதோட ஆந்தைய முடிச்சிக்கிறேன்னு சொல்லிட்டாரு. அதனால அட்டையில முகம் மட்டும்தான். தொப்பி வேணாம், நிழல் வேணாம். நேரா நம்மளப் பாக்கணும்."

"பாப்பாரு."

"கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க மேடம். தப்பா எடுத்துக்கமாட்டேன். நம்ம பசங்க ஏதாவது ஒரு போட்டோவ வச்சு கம்ப்யூட்டர்லயே பண்ணிடுவாங்க."

"கஷ்டம்னு நான் சொன்னேனா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு போனை வைத்தார். அதற்கும் எரிச்சல் வந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு.

ஆந்தை என்பது பட்டப்பெயர். ராத்திரியில் தூங்காமல் அலைகிற துப்பறிவாளருக்கு முதல் கதையில் ஒரு ஜேப்படிக்காரன் வைத்த பெயர். எழுத்தாளர் அவருக்கு வேறு பெயரே வைக்கவில்லை. மறந்துவிட்டாரோ, சோம்பலோ. எத்தனையோ வருடங்களாக, ஆண்டுக்கு ஒன்று, நல்ல வருடமாக இருந்தால் இரண்டு என்று வந்துகொண்டிருக்கிற கதைகள். மற்ற துப்பறிவாளர்களெல்லாம் ஒரு வயதில் நின்றுகொள்வார்கள். நமக்கு நரைக்கும், அவர்களுக்கு நரைக்காது. எங்கள் ஆந்தைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. எழுத்தாளர் தனக்கு வந்ததையெல்லாம் அவர் தலையிலும் கட்டிவிடுவார். அவருக்கு மூட்டு வலி வந்த வருடம் ஆந்தை சுவர் ஏறிக் குதிப்பதை நிறுத்தினார். டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னதும் ஆந்தை தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். கதைக்குள் மாத்திரை டப்பா வந்தது, படிக்கிற கண்ணாடி வந்தது. துரத்திப் பிடித்த காலம் போய், உட்கார்ந்த இடத்திலிருந்தே கேள்வி கேட்டுப் பிடிக்கிற காலம் வந்தது.

இதெல்லாம் எனக்கு இந்த மாதம்தான் தெரியும். அட்டைப்படம் வரைகிறவர்கள் கதையைப் படிப்பதில்லை. வாசகர்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள். ஆனால் உண்மை அதுதான். அட்டை அச்சுக்குப் போகும்போது பாதி நேரம் எழுத்தாளரே கதையை முடித்திருக்கமாட்டார். பதிப்பகத்துப் பெரியவர், சின்ன முதலாளியின் அப்பா, போனில் சொல்வார்: "மழை. ரயில்வே ஸ்டேஷன். ஒரு பொண்ணு, கையில சாவி. பின்னால ஆந்தை." அவ்வளவுதான். நான் மழையை வரைவேன், சாவியை வரைவேன். புத்தகம் வந்த பிறகு பார்த்தால் கதையில் அந்தப் பெண்ணே இருக்கமாட்டாள். யாரும் கேட்டதில்லை. ஆந்தை இருந்தால் போதும். தொப்பியைக் கண் வரை இறக்கி, கோட்டுக் காலரை ஏற்றிவிட்டு, முக்கால் முகம் திரும்பி, அதிலும் பாதி நிழலில். அப்படியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அந்த முகம் என் அண்ணனுடையது.

முதல் அட்டைக்கு ஒரு ஆள் உட்கார வேண்டியிருந்தது. வெளி ஆளை வைத்து வரையும் வசதி அப்போது எனக்கு எங்கே இருந்தது? வீட்டில் சும்மா இருந்த ஆண்பிள்ளை அவன்தான். சும்மா என்றால் அவனுக்குக் கோபம் வரும். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், விடுமுறை நாளில் மட்டும்தான் சும்மா. அப்பாவின் மழைக்கோட்டை அவனுக்கு மாட்டிவிட்டு, எங்கேயோ இரவல் வாங்கிய தொப்பியைக் கவிழ்த்து, ஜன்னலோரம் முக்காலியில் உட்காரவைப்பேன். இரண்டு நிமிடம் ஒழுங்காக இருப்பான். அப்புறம் ஆரம்பித்துவிடுவான்.

"மூக்கு அரிக்குதுடி."

"ஆடாம இரு."

"அரிக்குதுன்னா என்ன பண்ண?"

"அரிச்சா அரிக்கட்டும். துப்பறியறவங்களுக்கு மூக்கு அரிக்காது."

"உன் ஆந்தைய நீயே கட்டிக்கிட்டு அழு," என்று சொல்லி ஒரு தடவை சொறிந்துகொண்டு மறுபடி உட்காருவான். அவனுக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எவ்வளவு நிமிர்த்தினாலும் இறங்கிவிடும். நான் அதையும் அப்படியே வரைந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள், "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்று கேட்க ஆரம்பித்ததும் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான். அப்பா அவனைப் பார்த்து, "முதல்ல வீட்டுல காணாமப் போன என் பேனாவக் கண்டுபிடிடா" என்பார். அப்பாவுக்கு அந்த மழைக்கோட்டு போனதில் வருத்தம்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. அதற்கடுத்து அம்மாவும் போனாள். அதன் பிறகுதான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. கொஞ்சம் காலம் கடந்த கல்யாணம். அண்ணி அமைதியானவள். நான் வரைய வரும்போது ஜன்னல் திரையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்போது ஒரு அட்டைக்குப் பெரியவர், "ஆந்தை விழுந்து கிடக்காரு. கண்ணு மூடியிருக்கு. நெத்தியில ரத்தம்" என்றார். கதையில் ஆந்தை சாகவில்லை, மயக்கம்தான். அண்ணன் சிரித்துக்கொண்டே தரையில் படுத்தான். நன்றாக வந்தது. நான் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். பெரியவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், அதைப் பெரிய சுவரொட்டியாக அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணி, பஸ் நிறுத்தத்துச் சுவரில் தன் புருஷன் ஆளுயரத்துக்கு ரத்தம் வழியச் செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டாள். பிள்ளை முன்கூட்டியே பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் முகம் மாறிவிட்டது.

"இனிமே என் மூஞ்சிய வரையாத," என்றான், வாசலிலேயே நின்றுகொண்டு.

"படுக்கும்போது சிரிச்சியே, அப்ப தெரியலியா?"

"தெரியல. இப்ப தெரியுது. வரையாத."

"அது உன் மூஞ்சி இல்ல. ஆந்தையோட மூஞ்சி. ஊருக்கே தெரியும்," என்றேன்.

 அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நானும் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அடுத்த அட்டையை நினைவிலிருந்தே வரைந்தேன். அது கடைகளில் தொங்கியதும், 'சொல்லியும் கேக்கலியா நீ?' என்று கத்திக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வரவில்லை. அதற்கடுத்த அட்டைக்கும் வரவில்லை. ஒவ்வொரு அட்டை வெளியாகும்போதும் ஒரு வாரம் வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பேன். வெளிப்படையாகச் சொல்வதென்றால், அவன் சண்டைக்கு வர வேண்டும் என்றுதான் அவனையே திரும்பத் திரும்ப வரைந்தேன். வேறு முகம் வைக்கத் தெரியாமல் இல்லை.

வருடம் ஏற ஏற, அவனுக்கும் வயது ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு, பார்க்காத முகத்தை மூப்பாக்கினேன். முதலில் முன்நெற்றி ஏறியது. அப்புறம் கன்னம் ஒட்டியது. தொப்பிக்கு வெளியே தெரிகிற முடியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு புடைத்தது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை. கை போன போக்கில் போனது, சரியாகவும் இருந்தது.

இப்போதுதான் கை நின்றுவிட்டது. நேர்முகமாக, தொப்பி இல்லாமல், நிழல் இல்லாமல் என்றதும் பென்சில் நகர மறுக்கிறது. வேறு வழி தெரியாமல் பரணில் கட்டுக் கட்டாகக் கிடந்த ஆந்தைகளை இறக்கினேன். ஒவ்வொன்று வரும்போதும் பதிப்பகம் எனக்கு அனுப்பிய பிரதிகள், பிரிக்காதவை. முதல் புத்தகத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே இருக்கிற கண்ணாடி போதவில்லை. அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு படித்தேன். அந்தக் கோலத்தில் யாராவது என்னைப் பார்த்திருந்தால் நானே ஏதோ துப்பறிகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மேலே ஏறி வருவது மின்சாரக் கணக்கு எடுக்கிறவர் மட்டும். ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவி வைத்தால் அன்றைய பாத்திரம் முடிந்தது.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. எழுத்தாளர் என் அட்டைகளைப் பார்த்துத்தான் ஆந்தையை எழுதியிருக்கிறார். மூன்றாவது கதையிலிருந்தே ஆந்தை இடது தோள் தாழ நடக்கிறார். அது அவருடைய கற்பனை இல்லை, எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்த தோள். பிற்பாடு வந்த கதைகளில், ஒருவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தால் ஆந்தையின் நெற்றிப்பொட்டு நரம்பு துடிக்கிறது. அதுவும் நான் போட்ட நரம்பு. நான் அவர் கதையைப் படிக்காமல் வரைந்தேன், அவர் என் படத்தைப் பார்த்து எழுதினார். இரண்டு பேரும் ஒரு தடவைகூட நேரில் உட்கார்ந்து பேசியதில்லை.

ஒரு கதையின் நடுவில் காரணமே இல்லாமல் ஆந்தை வீட்டில் தனக்குத்தானே பேச ஆரம்பிக்கிறார். 'விளக்கை அணைச்சாச்சா?' என்று கேட்டுவிட்டு, 'அணைச்சாச்சு' என்று தானே பதில் சொல்லிக்கொள்கிறார். கல்யாணமே ஆகாத மனுஷர். கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு ஞாபகம் வந்தது, எழுத்தாளரின் மனைவி இறந்தது அந்த வருடம்தான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானும் அப்படிக் கேட்டுக்கொள்கிறவள்தான். பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசிக் கதையைப் பதிப்பகம் தட்டச்சுத் தாளாகவே அனுப்பியிருந்தது. அதில் ஆந்தை சாகவில்லை. குற்றவாளி யார் என்று கண்டுபிடித்த பிறகு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்காருகிறார். எதிரில் யாரோ இருப்பதுபோல நேராகப் பார்க்கிறார். கதை அங்கே முடிகிறது. அந்தப் பார்வைதான் அட்டைக்கு வேண்டும். யாரைப் பார்க்கிறார் என்று எழுத்தாளர் எழுதவில்லை.

மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி அழித்தேன். ஆளைப் பார்க்காமல் இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது. அவன் கடை எங்கே என்று தெரியாமல் இல்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் சொந்தமாகவே கடை வைத்துவிட்டான் என்று சித்தி மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். அங்கே போகிற பஸ் எங்கள் தெரு முனையில்தான் நிற்கிறது. எத்தனையோ தடவை அதைப் போகவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். என்ன சொல்லிக்கொண்டு போவது? 'உன் மூஞ்சியக் கொஞ்சம் காட்டு' என்றா? அதைத்தானே வேண்டாம் என்றான். அப்போதுதான், பூதக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு மேசையைத் தடவியபோதுதான், தோன்றியது. கண் தெரியாதவள் கண்ணாடிக் கடைக்குப் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மதிய நேரம். கடை சின்னது. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்தன, நடுநடுவே முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே போனதும் என்னையே நான்கைந்து பேராகப் பார்த்துத் தடுமாறிப்போனேன். மேசையில் குனிந்து ஒருவர் கண்ணாடிக் காம்பில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிறைய வெள்ளை முடி. வேறு யாரோ என்று நினைத்தேன். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறான் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று, திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம், உக்காருங்க," என்றார் நிமிராமலே.

அண்ணன் குரல். உட்கார்ந்தேன். 

திருகாணியை முடுக்கி முடித்து, ஊதி, துணியால் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தான். பார்த்தான். கையிலிருந்த துணியை மடித்தான். மடித்ததையே இன்னொரு தடவை மடித்தான்.

"என்ன பாக்கணும்?"

"கண்ணு."

"தூரமா, கிட்டவா?"

"ரெண்டும்."

"எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா," என்றேன்.

அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தான். சோதனைக்கு மாட்டுகிற கனத்த வட்டச் சட்டத்தை எடுத்து என் காதில் பொருத்தினான். விரல் நுனி சில்லென்று இருந்தது. "தலையக் கொஞ்சம் தூக்குங்க," என்றான். அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிப் பேசியதில்லை. அவனோடு உருண்டு புரண்டு அடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான். தலையைத் தூக்கினேன். ஒரு சின்ன அளவுகோலை என் மூக்குக்கு மேலே குறுக்காக வைத்து, சுண்டுவிரலை என் நெற்றியில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கருவிழிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் அவன் முகம்.

வழுக்கை இல்லை. கன்னம் ஒட்டவில்லை, உப்பியிருந்தது. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. நெற்றி மழமழவென்று இருந்தது, நரம்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. நான் வருடக்கணக்காகப் போட்ட கோடுகளில் ஒன்றுகூட அந்த முகத்தில் இல்லை. அப்படியே அம்மா. அம்மாவுக்கு மீசை வைத்து முடியைக் குறைத்து வெட்டினால் இப்படித்தான் இருப்பாள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இஷ்டத்துக்கு இப்படியா வயதாகித் தொலைப்பது?

"ஆடாம இரு," என்றான்.

எப்போது 'இருங்க' 'இரு' ஆனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நான் ஆடாமல் இருந்தேன்.

ஒரு மரப்பெட்டியைத் திறந்தான். அதில் வட்ட வட்டமாகச் சோதனைக் கண்ணாடிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து என் வலது கண்ணுக்கு முன்னால் சட்டத்தில் செருகினான். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை கலங்கலாகத் தெரிந்தது.

"கடைசி புக்காமே?" என்றான்.

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருந்தான்." கண்ணாடியை மாற்றினான். "இப்ப?"

"மங்கலா இருக்கு. நீ படிக்கறியா அதெல்லாம்?"

"எங்க? அட்டைதான் பாக்கறேன்." அடுத்த கண்ணாடியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, பெட்டியைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு முடி கொட்டல."

"தெரியுது."

"அந்த நரம்பும் எனக்குக் கிடையாது."

 தப்பாகத்தான் வரைந்துவிட்டேன், வேண்டுமென்றால் பெரியவரின் மகனிடம் புகார் கொடுக்கட்டும்.

"அது அப்பாடி, கிறுக்கி," என்றான்.

சுவரெல்லாம் கிறுக்குகிறேன் என்று சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர். அதைக் கேட்டே எவ்வளவு காலமாகிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் அதுகூட என் காதில் சரியாக விழவில்லை. ஏறிய முன்நெற்றி, ஒட்டிய கன்னம், கோபம் வந்தால் துடிக்கிற நரம்பு. பேனா காணாமல் போனால் துடிக்குமே, அந்த நரம்பு. என் கையிலிருந்து இறங்கியது அவ்வளவும் அப்பா. அண்ணனை மூப்பாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வயதானால் ஆண்பிள்ளை முகம் எப்படி ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முகத்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"மொதல்ல வந்ததெல்லாம் நான் பாக்கவே இல்ல," என்றான் அண்ணன். "கோவம். கடையில தொங்கினா அந்தப் பக்கமா போயிடுவேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நிமிந்து பாத்தா, அப்பா நிக்கறாரு. மழைக்கோட்டு போட்டுக்கிட்டு. அவரோட கோட்டு. பஸ்ஸ விட்டுட்டு நின்னுட்டேன். நம்மகிட்ட அவரு வயசானப்புறம் எடுத்த போட்டோ ஒண்ணுகூட கிடையாதே."

கிடையாது. அப்பா கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுகிறவர். மாலை போட்டு மாட்டியிருப்பது வேலையில் சேர்ந்தபோது எடுத்தது, முடியும் மீசையுமாக யாரோ மாதிரி இருப்பார்.

"அதுலேர்ந்து எல்லாத்தையும் வாங்கிட்டேன்."

"அண்ணி ஒண்ணும் சொல்லலியா?"

"அவதான் பத்திரமா எடுத்து வச்சிருக்கா. மாமனார அவ பாத்ததே இல்லல்ல. பொண்ணுக்கும் காட்டுவா, தாத்தாடின்னு." அடுத்த கண்ணாடியைச் செருகினான். "இப்ப?"

 இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, இவன் சண்டைக்கு வருவான் வருவான் என்று படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த வருடங்களில், இவன் அதே அட்டைகளை வாங்கிக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குத் தாத்தாவைக் காட்டியிருக்கிறான். ஒரு தடவை மேலே ஏறி வந்து சொல்லியிருக்கலாம். நானும் ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம்.

கை ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கடைசிக் கதையில் ஆந்தை அப்பாவைத் தாண்டிவிட்டார். அந்த வயதுக்கு அப்பா வரவே இல்லை. அதற்கு மேல் அந்த முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அங்கிருந்து போக வேண்டுமென்றால் இனி அண்ணன் முகத்தில்தான் போக வேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு காலத்தில் அது உன் மூஞ்சி இல்லை என்று சொன்ன வாய்.

இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. "இப்ப படி," என்று எழுத்துப் பலகையைக் காட்டினான்.

பலகை பளிச்சென்று தெரிந்தது. அடிவரிசையில் இருந்த பொடி எழுத்துகூட. தெருவில் எதிர்க்கடைப் பலகை தெரிந்தது. அவன் சட்டைப் பையில் நூல் பிரிந்திருப்பது தெரிந்தது. முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணின் மேலிமை கொஞ்சம் தொங்கியிருந்தது, எனக்குத் தொங்குவது மாதிரியே. மழித்த பிறகும் விட்டுப்போன இரண்டு வெள்ளை மயிர் தாடையோரம் நின்றன. கண்ணோரத்தில் நான் ஒருநாளும் போட்டிராத கோடுகள், சிரித்துச் சிரித்து விழுந்தவை. யாரோடு சிரித்தானோ.

"தெரியல," என்றேன்.

அவன் ஒரு கண்ணாடியை மாற்றினான். இப்போது கொஞ்சம் மங்கியது. மறுபடி பழையதையே போட்டான். "இப்ப?"

"இல்ல. இன்னும் சரியா தெரியல."

எவ்வளவோ கண்களைப் பார்த்தவன் அவன். எது தெரியும், எது தெரியாது என்று நான் சொல்லியா அவனுக்குத் தெரிய வேண்டும்? என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்க்கவில்லை என்பதையும் பார்த்தான். பிறகு பெட்டியை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தான். வாசல் பக்கம் கிடந்த முக்காலியை இழுத்து, தெரு வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். நிமிர்ந்தான். இடது தோள் மெல்ல இறங்கியது.

"பொறுமையா பாரு. அவசரமில்ல," என்றான்.

தெருவில் ஒரு பஸ் திரும்பி, கடையிலிருந்த கண்ணாடிகளிலெல்லாம் ஒரு தடவை ஓடிப் போனது. அவன் அசையவில்லை. சற்று நேரம் கழித்து அவன் மூக்கு நுனி லேசாகச் சுருங்கியது. வலது கை மடியிலிருந்து கிளம்பிப் பாதி தூரம் மேலே வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக மடிக்கே இறங்கிவிட்டது.